நான்கு நகையும் ஒரு வகுப்பறையும்

மெய்ப்பாடுகளை எட்டென எண்ணிய தொல்காப்பியனார் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அழுகையும் அச்சமும் வெகுளியும் பிறவும் அதன் பின்னரே வந்து நிற்கின்றன. அந்நகை தோன்றும் நிலைக்களன்களும் நான்கென்றார். அவை இளமை, மடன், பேதைமை, எள்ளல் என்பன. இந்நான்கும் ஒருங்கே கூடிவாழும் இடம் யாதென வினவின், அரசவை என்றோ அங்காடி என்றோ விடை கூறுதல் பொருந்தாது. பள்ளிக்கூடத்து வகுப்பறை என்றே கூறல் வேண்டும். இளமை அங்கே வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருக்கின்றது. பேதைமை வினாத்தாள் கைக்கு வரும் நாளில் வெளிப்படுகின்றது. மடன் என்னும் மகளிர் குணத்துக்கு, ஒருவர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு பின்னர் அதனை விடாதிருத்தல் என உரைகாரர் பொருள் கூறுவர். மகளிரைக் காட்டிலும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கே அப்பொருள் நன்கு பொருந்தும். எள்ளலோ, ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பும் கணத்தை நோக்கிக் காத்திருக்கின்றது.

மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்டவருள் ஒருவர் பெயரே பேராசிரியர். வகுப்பறை நகையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதனினும் ஏற்ற துணைவர் கிடைத்தல் அரிது. அவர் இந்நான்கனையும் இவ்விரண்டாகப் பகுப்பார். பிறரை நோக்கித் தான் நகுவது ஒன்று. தன்னைப் பற்றுக்கோடாகக் கொண்டு தோன்றும் நகை மற்றொன்று. இப்பகுப்பு இலக்கணநூலோடு நின்றுவிடுவதன்று. ஆசிரியரையும் மாணவரையும் பொருளாகக் கொண்டு எழுந்த நகைச்சுவை இலக்கியங்களுள் நிலைபெற்றவை எவை, நிலைபெறாதவை எவை, நகை என்னும் பெயருக்கே உரியவல்லாதன எவை என ஆராய்வார்க்கு அதுவே அளவுகோலாகும்.

தமிழில் இவ்வகை நகைக்கு முன்னோடியைத் தேடுவோர் நகைச்சுவை நூல்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தையே நோக்கலாம். பவணந்தி முனிவர் மாணவனை எடைபோடுவதற்கு முன்னர் ஆசிரியனை எடைபோடுகின்றார். ஆசிரியனாகாதானுக்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு. கழற்சிக்காய் பெய்த குடம் ஒன்று. இட்ட முறையிற் காய்கள் வெளிவாரா, எது முந்துமோ அது வந்து விழும். மடல் செறிந்த பனை ஒன்று. தானே கனி உதிர்த்தாலன்றி எவரும் அணுகிப் பெறுதல் இயலாது. பஞ்சு அடைத்த குண்டிகை ஒன்று. உட்செல்வதும் சிறிது சிறிதாக, வெளிவருவதும் சிறிது சிறிதாக. வளைந்த தென்னை ஒன்று. நீர் வார்த்தவன் ஒருவன், தேங்காய் விழுவதோ அயலான் முற்றத்தில். இவ்வுவமைகளைக் கற்ற மாணவன் எவனும் தன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் குழாத்துள் நால்வரையும் தேடிக் கண்டுபிடியாது விட்டதில்லை. எண்ணூறாண்டுகளாக ஆசிரியர் தம்மைப்பற்றிய அங்கதத்தைத் தாமே மாணவர்க்கு மனனம் செய்வித்து, ஒப்பித்தலிற் பிழைநேரின் தண்டித்தும் வந்திருக்கின்றனர். உலகின் வேறெத் தொழிலுக்கும் இப்பெருமை உண்டோ என்பது ஐயமே.

மாணாக்கருக்குக் கூறிய உவமைகளிலும் இக்குறும்பு உண்டு. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடைமாணாக்கர். ஒழுகும் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர். ஆடு ஒரு செடியையும் முழுதாக உண்ணாது அங்கொரு தழையும் இங்கொரு தழையுமாகக் கடிக்கும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டே குடிக்கும். நெய்யரி நெய்யை ஒழியவிட்டுக் கசடைக் காத்துவைக்கும். இவற்றுள் கிளியின் இடம் கருதத்தக்கது. சொல்லியதைச் சொல்லியவாறே திருப்பிச் சொல்வதனைப் பவணந்தியார் இடைத்தரம் என்றார். பெறுபேற்றுப் பட்டியல்களோ பெரும்பாலும் கிளியைத் தலைக்கண் வைத்து, அசைபோடும் பசுவை, நேரம் போதாமையாற் கடைக்குத் தள்ளிவிடுகின்றன.

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதிகளிலும் இப்பாயிரத்தைக் கற்பிப்பார்க்குப் புதியதோர் இடர் உண்டு. அங்குப் பனை இல்லை. பனைமடலின் கருக்கு எத்தகையதென அறிந்த பிள்ளையும் அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றம் பெற்று வந்த ஆசிரியர் ஒருவர், மடற்பனையின் அருமையைக் கையசைத்து விளக்கிக்கொண்டிருக்கும் வகுப்பைக் கற்பனை செய்து பார்க்கலாம். பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்: “சேர், அதுல ஏற ஏன் பயப்படணும்? எங்க ஊர்ல கித்துள் மரத்துல ஏறுறாங்களே.” வகுப்பு நகைக்கும். அந்நகை இளமையிற் பிறந்தது. அதனைக் கேட்ட ஆசிரியர்முன் இருவழிகள் உள. மாணவனை வெகுண்டு நிற்கவைத்துத் தாமே மடற்பனையாதல் ஒன்று. தாமும் நகைத்து, கித்துளை வைத்தே சூத்திரத்தை மீண்டும் விளக்குதல் மற்றொன்று. வகுப்பறை நகையின் முழு வரலாறும் இவ்விரு வழிகளுக்கிடையே அடங்கும்.

மடன் என்னும் நிலைக்களனை முழுமையாகப் பயன்கொண்ட தமிழ்நூல் வீரமாமுனிவரின் பரமார்த்தகுரு கதையாகும். 1822ஆம் ஆண்டில் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அவர்தம் குருவும் தமிழ்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் பழகியவர். அவருள் யாவரினும் நகைக்குரியவர் குருவே என்பதைப் பலர் நோக்குவதில்லை. குதிரைமேற் சென்ற குருவின் தலைப்பாகை மரக்கிளையிற் பட்டு விழுகின்றது. எடுக்கும்படி சொல்லவில்லையே எனச் சீடர் எடாது செல்கின்றனர். விழுவன அனைத்தையும் எடுக்குமாறு கட்டளை பிறக்கின்றது. உடனே குதிரையின் சாணம் தலைப்பாகைக்குள் வந்து சேர்கின்றது. இனிப் பிழை நேராதிருக்க எடுக்கத்தக்கவற்றின் பட்டியல் ஒன்று எழுதப்படுகின்றது. பின்னர்க் குருவே குழியில் வீழ்கின்றார். சீடர் பட்டியலைப் படித்துப் படித்து ஒவ்வொரு பொருளாக எடுக்கின்றனர். குருவின் பெயர் அதில் இல்லாமையால் அவரை மட்டும் எடுத்திலர். குழியிற் கிடந்தபடியே அவர் தம் பெயரையும் பட்டியலிற் சேர்த்த பின்னரே கரையேற்றப்படுகின்றார்.

இக்கதையைப் படித்துச் சீடரை நோக்கி நகைப்பது எளிது. எனினும் சீடர் ஒருவிடத்தும் கற்பித்ததினின்று வழுவவில்லை. கட்டளைக்கு மேற்பட்ட எதனையும் எண்ணுதல் குற்றம் எனப் பயிற்றியவர் குரு. அப்பயிற்சியின் பயனையே குழியில் அவர் துய்க்கின்றார். வினாவெழுப்ப இடங்கொடாத ஆசிரியருக்கு இதனினும் கூரிய கண்டனம் தமிழ் உரைநடையில் இல்லை எனலாம். மாணவரின் விடைத்தாள்களிற் காணும் வேடிக்கையான பிழைகளைத் திரட்டி ஆசிரியர் அறையிற் படித்து நகைக்கும் வழக்கம் பள்ளிக்கூடங்களில் உண்டு. அப்பிழைகளுட் பாதி, பட்டியலில் எழுதியவாறே எடுத்துவந்த சாணம் என்பதை நினைந்தால் அந்நகையிற் சிறிது நாணமும் கலக்கும்.

பேதைமைக்கும் இளமைக்கும் இலக்கியமாவது ஆர். கே. நாராயண் 1935ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் நாவல். மால்குடி என்னும் கற்பனையூரிற் படிக்கும் சுவாமிநாதன் அதன் தலைவன். நாராயணின் தந்தையார் ஒரு தலைமையாசிரியர். ஆகவே நாவலிற் பிரம்பின் ஓசை பிழையின்றிக் கேட்கின்றது. விடுமுறை நாளில் தந்தை மகனுக்கு ஒரு கணக்குக் கொடுக்கின்றார். இராமனிடம் பத்து மாம்பழங்கள் உள; அவற்றைப் பதினைந்து அணாவுக்கு விற்க விரும்புகின்றான்; கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும்; கிருஷ்ணன் கொடுக்க வேண்டியது எவ்வளவு? சுவாமிநாதன் நெடுநேரம் எண்ணுகின்றான். கணக்கை அன்று, மாம்பழங்கள் பழுத்தனவா காயா என்பதை. அது தெரியாமல் விலையை எங்ஙனம் துணிவது? தந்தையிடமே கேட்டும் விடுகின்றான்.

இங்கு நகைக்குரியவன் மாணவனா, கணக்கா என்பது எளிதில் தீரும் வினாவன்று. அங்காடியிற் பொருள் வாங்கி அறிந்த எவரும் சுவாமிநாதன் கேட்டதையே முதலிற் கேட்பர். கணக்குப் புத்தகத்து மாம்பழங்களுக்கு நிறமும் மணமும் இல்லை; சிறுவன் அவற்றைத் தருகின்றான். நாராயண் அவனை அறிவாளியாகவும் காட்டிலர், மூடனாகவும் காட்டிலர். அதே சிறுவன் வேறொரு நாளில் தலைமையாசிரியரின் பிரம்பைப் பறித்துச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டு ஓடுகின்றான். பின்னர்ப் பெரிதும் துன்புறுகின்றான். நகைச்சுவை அச்சத்தின் அருகிலேயே வாழ்கின்றது என்பதை மறையாமற் காட்டியமையே அந்நாவலின் வன்மை. இடையிடையே நகை சிறிது மெலிந்து கிரிக்கெட்டுக் குழுவின் செய்திகள் நீண்டு செல்வதும் உண்டு. ஆயினும் மாம்பழக் கணக்கு ஒன்றே அதனை நிலைநிறுத்தப் போதுமானது.

சுவாமிநாதன் என்னும் பெயர் மற்றொருவரையும் நினைவூட்டும். அவர் தம்மை நோக்கித் தாமே நகைக்கும் ஆற்றலை இயல்பாகவே பெற்றிருந்த உ. வே. சாமிநாதையர். 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த ‘என் சரித்திரம்’, ஆசிரியர் மாணவர் உறவைப் பற்றிய பெருநூல்களுள் ஒன்று. கும்பகோணம் கல்லூரியிற் புலவராய் அமர்ந்த 1880ஆம் ஆண்டில், அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கின்றார். என்ன நூல்கள் படித்தீர் என வினவப்படுகின்றது. அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனப் பட்டியல் வளர்கின்றது. கேட்டவர் முகத்தில் வியப்பு இல்லை. இவற்றாற் பயன் என்ன என்கின்றார். பின்னர்ச் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என்கின்றார். கல்லூரி ஆசிரியர் அக்கணத்தில் மீண்டும் மாணவராகின்றார். அறுபதாண்டுகள் கழிந்தபின் அந்நாளின் பெருமிதத்தையும் அதன் வீழ்ச்சியையும் ஒளிக்காமல் எழுதும்போது, தம் பட்டியலைத் தாமே மென்மையாக எள்ளும் குரல் கேட்கின்றது. அவ்வெள்ளலின் பயன் 1887ஆம் ஆண்டில் அச்சேறிய சீவக சிந்தாமணி. தன்னை நோக்கி நகைத்தல் அறிவை வளர்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆசிரியரை நகைக்குப் பொருளாக்குதல் குருபக்திக்கு இழுக்காகாதோ எனச் சிலர் ஐயுறலாம். இவ்விருவரும் தாங்கிய பெயரே அதற்கு விடையாகும். பிரணவத்தின் பொருளைக் கூறமாட்டாத நான்முகனைக் குட்டிச் சிறையிட்டவன் ஒரு சிறுவன். அப்பொருளைத் தந்தைக்கே உபதேசித்தமையால் அவன் சுவாமிநாதன் ஆயினான். படைத்தற் கடவுள் தேர்வில் தவறியதையும், உலகுக்குத் தந்தையாயினான் வாய்பொத்தி மகன்முன் மாணவனாய் நின்றதையும் புன்முறுவலோடு போற்றும் சமயத்தில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் தம்மைப்பற்றிய பகிடியைப் பொறுத்தல் பெருந்தியாகம் அன்று. கண்டி கதிரேசன் கோவிலிற் பரீட்சைக் காலத்திற் கூடும் மாணவர், தாம் வணங்குவது ஆசிரியரைத் திருத்திய மாணவனை என்பதை அறிந்தே வணங்குகின்றனர் போலும்.

பகிடி என்பது ஈழத்தமிழர் வழக்கிற் பெரிதும் வாழும் சொல். அச்சொல்லின் இருவேறு வாழ்வையும் கண்டி நகருக்கு அணித்தாகிய பேராதனையிற் காணலாம். 1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் அங்குப் பெயர்ந்தபோது தமிழ்த்துறைக்குத் தலைவராயிருந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. வடமராட்சிப் புலோலியில் 1903ஆம் ஆண்டிற் பிறந்தவர். இலண்டனிற் சாசனத்தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்வெட்டுக்களின் தமிழை ஆராய்ந்த அவரே, கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்பித்த காலத்தில் மாணவர் நடிப்பதற்கென நாடகங்கள் எழுதினார். உடையார் மிடுக்கு, முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்னும் நான்கும் 1940ஆம் ஆண்டில் ‘நானாடகம்’ என வெளிவந்தன. ‘இருநாடகம்’ 1952ஆம் ஆண்டில் வந்தது. செந்தமிழ் கற்பிக்கும் பேராசிரியர் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கை அவ்வாறே மேடையேற்றினார். மிடுக்கும் பகட்டும் பொருளாசையும் அந்நாடகங்களிற் பகிடிக்கு உள்ளாயின. பின்னாளிற் பேராசிரியராகிய கா. சிவத்தம்பி போன்றோர் மாணவராயிருந்தபோது அவர் நாடகங்களில் நடித்தனர்.

அந்நாடகங்களின் கதைப்பின்னல் எளியது. பாத்திரங்கள் ஆழ்ந்து வளர்வதும் இல்லை. எனினும் வகுப்பறை நகை என்னும் நோக்கில் அவை ஒரு பெரும் செயலைச் செய்தன. விரிவுரைக்கு அஞ்சிய மாணவனும் அதனை நிகழ்த்திய ஆசிரியரும் ஒரே ஒத்திகையில் ஒரே பேச்சைக் கேட்டு நகைத்தனர். மேலும், தன் வீட்டுப்பேச்சு இழிந்ததன்று, அது பல்கலைக்கழக மேடைக்கும் உரியது என மாணவன் அறிந்தான். நகைக்கப்பட்டது மிடுக்கே, பேச்சு அன்று. இவ்வேறுபாடு நுண்ணியது, ஆயினும் அதிலேயே எல்லாம் அடங்கியுள்ளது.

அவ்வேறுபாடு மறக்கப்படும் இடங்களும் உள. கண்டிப் பகுதியின் தமிழ் வகுப்பறை ஒன்றிற் பலவகைத் தமிழ் ஒலிக்கும். யாழ்ப்பாணத் தமிழும், தோட்டத்துத் தமிழும், முசிலிம்களின் தமிழும், வணிகர் குடும்பங்களின் தமிழும் ஓரறையிற் சந்திக்கின்றன. “ஏன் கதைக்கிறாய்?” என்று ஆசிரியர் கேட்க, “கதை சொல்லல சேர், சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்” என ஒரு பிள்ளை விடையிறுத்தால் அது இனிய நகை, இருவரும் அதிற் பங்குகொள்ளலாம். ஆனால் அப்பிள்ளையின் பேச்சைத் திருப்பிச் சொல்லிக் காட்டி, தோட்டத்துப் பேச்சென இகழ்ந்து, நாற்பது பிள்ளைகளை நகைக்கவைக்கும் ஆசிரியர் நகையைத் தோற்றுவித்தார் அல்லர். அன்றுமுதல் அப்பிள்ளை வகுப்பில் வாய்திறவாது. உவமை வேண்டுமாயின், வளைந்த தென்னைக்கு நீர் வார்த்தவர் அதன் பெற்றோர். தேங்காய் விழவேண்டிய முற்றத்தில் விழுந்தது கல்.

பேராதனையிலேயே பகிடி என்னும் சொல் வதை என்னும் சொல்லோடு புணர்ந்து பகிடிவதை ஆயிற்று. புதுமாணவரை மூத்தோர் வரவேற்கும் விளையாட்டு எனத் தொடங்கியதாகக் கூறப்படும் அவ்வழக்கத்திலிருந்து தப்ப முயன்ற மாணவியொருவர், 1975ஆம் ஆண்டில் விடுதியின் மேன்மாடியிலிருந்து குதித்து உடல் முடங்கினார். 1997ஆம் ஆண்டில் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் அக்கொடுமையின் விளைவால் உயிர்நீத்தார். மறுவாண்டு கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தும் அவ்வழக்கம் அடியோடு ஒழியவில்லை. இதனைச் செய்வோர் எப்போதும் கூறும் விடை, வேடிக்கைக்காகச் செய்தோம் என்பதே. ஆகலின் நகை எது, நகையன்றாயது எது என வரையறுத்தல் புலவர்க்குரிய பொழுதுபோக்கு மட்டும் அன்று.

அவ்வரையறைக்குப் பேராசிரியரின் பகுப்பு இங்கே துணைநிற்கின்றது. நகைப்பவனையும் ஒருநாள் சுற்றிவந்து தீண்டக்கூடிய நகையே நகை. நன்னூலாரின் உவமை, அதனைக் கற்பிக்கும் ஆசிரியரையே முதலிற் சுடும். பரமார்த்தகுரு, வாசகனை அவன் பட்டியல்களோடு குழியில் வீழ்த்துவார். மாம்பழக் கணக்கு, கணக்கு இட்டவரிடமே திரும்பிச் செல்லும். சாமிநாதையர் தம்மையே நகைத்தார். கணபதிப்பிள்ளையார் மாணவரோடு கூடி நகைத்தார். பகிடிவதையிலோ நகை ஒருவழியே செல்லும், வலியோனிடமிருந்து மெலியோனை நோக்கிச் செல்லும், திரும்பி வாராது. திருப்பிச் சொல்லும் உரிமை எதிரேயிருப்பவனுக்கு இல்லையாயின், அங்கு மெய்ப்பாடுகளுள் எஞ்சி நிற்பன ஒருவனுக்கு அச்சமும் இளிவரலும். மற்றவனுக்கு, பெருமிதம் எனத் தவறாக எண்ணப்படும் ஒன்று.

பள்ளிக்கூடத்து ஆண்டுமலர்களில் ஆசிரியரைப் பற்றிய நகைத்துணுக்குகளை மாணவர் எழுதுவதும், அவற்றை ஆசிரியரே பிழைதிருத்தி அச்சுக்கு அனுப்புவதும் நெடுங்கால வழக்கம். தம்மைக் கழற்குடம் எனக் குறிப்பாற் சுட்டிய துணுக்கின் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையாற் களைந்து, ‘நன்று’ எனக் கையொப்பமிடும் ஆசிரியர், நகைநான்கையும் ஒரே சூத்திரமாகக் கற்பித்துவிடுகின்றார். பனை அறியாத மலைநாட்டில், கித்துளை வைத்தேனும் அச்சூத்திரம் நடத்தப்படல் வேண்டும்.